அனுபவ டிரைவரா, நம்ம கிளீனரா, ஆக்டிங்கா?

காரைக்குடி, புதுவயல் பக்கம் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது டிரைவர் புலம்பல்தான். ரைஸ்மில்லில் லோடு காத்திருக்கிறது, வண்டி தயாராக நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. வெளியூர் அனுபவசாலிக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வரலாம், நம் கிளீனரையே டிரைவராக்கலாம், இல்லையென்றால் ட்ரிப்புக்கு ட்ரிப் ஆக்டிங் டிரைவர் போடலாம்.

ஆக்டிங் டிரைவர் ஆத்திர அவசரத்துக்கு மட்டும். கிளட்ச் தேய்வதும் டயர் போவதும் அவர் கவலை இல்லை. இதை வழக்கமாக்கிக்கொண்டவர்கள் மிச்சம் பிடித்து நான் பார்த்ததில்லை.

நாமக்கல், சங்ககிரி பக்கத்து அனுபவசாலி வந்தால் மறுநாளே வண்டி கிளம்பிவிடும். கம்பியால் டயரைத் தட்டிப் பார்க்கும் சத்தத்திலேயே அவர் தரம் தெரியும். சிக்கல் முன்பணத்தில்தான். அது கழிவதற்குள் இன்னொரு முதலாளி கூடுதலாகத் தருகிறேன் என்றால் ஆள் போய்விடுவார், பணம் திரும்பாது. பர்மாவில் கடை வைத்திருந்த நகரத்தார் ஏஜெண்டை மூன்று வருஷக் கணக்கில் அனுப்பினார்கள்; கணக்கை ஒழுங்காக முடித்து வந்தவருக்கு மேற்கொண்டு பணம் உண்டு. அதுபோல முன்பணத்தைக் குறைத்து, ஆறு மாதம் நின்றால் இவ்வளவு, ஒரு வருஷம் நின்றால் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

யாரை எடுத்தாலும் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அதில் லைசென்ஸ் முடியும் தேதி இரண்டு இருக்கும், சொந்த வண்டிக்கு ஒன்று, லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு ஒன்று. நமக்கு வேண்டியது போக்குவரத்து வாகனத்துக்கான தேதி. அது ஐந்து வருஷம்தான். காலாவதிக்குப் பின் முன்பிருந்த 30 நாள் சலுகையும் 2019 திருத்தத்தில் போய்விட்டது. பார்த்த பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு லைசென்ஸ் போலி என்று தெரிந்தாலும், உரிமையாளர் அக்கறை காட்டவில்லை என்பதைக் காப்பீட்டு நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த அச்சுத்தாள்தான் உங்கள் அக்கறைக்குச் சாட்சி. பாலிசியில் சம்பள டிரைவருக்கும் கிளீனருக்குமான கூடுதல் காப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிரீமியம் சொற்பம்.

என் ஓட்டு கிளீனருக்குத்தான். நம் வண்டியின் சத்தம் அவனுக்குத் தெரியும், வீடு பக்கத்துத் தெருவில், முன்பணத் தொல்லை இல்லை. கடையில் எடுபிடியாகச் சேர்ந்த பெட்டியடிப் பையனை அடுத்தாளாக்கி (உதவியாளர்), மேலாளாக்கிய (கடைப் பொறுப்பாளர்) ஊருக்கு இது புதிதும் இல்லை. ஆனால் குறுக்கு வழி கிடையாது. சரக்கு வண்டி ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆன பிறகே லாரிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைக்கும். அந்த ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு அந்தக் கார் லைசென்ஸே (எல்.எம்.வி.) போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 20 வயது முடிந்த பையனிடம் குட்டியானையைக் (டாடா ஏஸ் சின்ன லோடு வண்டி) கொடுத்து ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றி அனுப்புங்கள். வைக்கோல் வைத்து அடுக்கினாலும், வேகத்தடையில் தூக்கிப் போட்டால் உடைந்துவிடும் சரக்கு அது. இறக்கும் இடத்தில் எத்தனை கல் விரிசல் என்று எண்ணினால் அவன் பிரேக் பிடிக்கும் விதம் தெரிந்துவிடும்.

அவனிடம் உள்ள பெரிய குறை, செட்டிநாட்டின் சமதரை. கேரளப் பாதையில் உள்ள ஆரியங்காவு, குமுளி மலை இறக்கம் அவன் காலுக்குப் பழக்கமில்லை. “அண்ணே, நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்ல?” என்று கேட்கும் வயசு. ஏறிய கியரிலேயே இறங்கணும், நியூட்ரலில் விட்டால் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, டிரம் சூடேறி, கடைசி வளைவில் பிரேக் பிடிக்காது என்பதை மூத்த டிரைவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சில ட்ரிப்பாவது காட்ட வேண்டும். அவருக்குக் கொடுக்கும் இரட்டைப் படியைச் செலவாக எண்ணாதீர்கள். பையன் தனியாகப் போகும் முதல் லோடு தூத்துக்குடிக்கு இருக்கட்டும், மலை இல்லாத பாதை. கேரள லோடுகளை அடுத்த வருஷம் கொடுக்கலாம்.