அன்னாசிப்பழத்துக்கு ஒரு ரிவ்யூ: 6 வருஷ வாரண்டி, ரிட்டர்ன் கிடையாது

ஃபோன் கவர்ல இருந்து ஏர் ஃப்ரையர் வரைக்கும் வாங்குன எல்லாத்துக்கும் ரிவ்யூ போட்டுருக்கேன், 2023 செப்டம்பர் 1ம் தேதி போட்ட ஓட்டுக்கு மட்டும் இன்னும் போடல. கொஞ்ச நாள் யூஸ் பண்ணி பாத்துட்டு போடலாம்னு விட்டுட்டேன், இப்ப போடுறேன். பொருள் சிங்கப்பூர் அதிபர், மாடல் தர்மன் சண்முகரத்னம், சின்னம் அன்னாசி. 5க்கு 4 ஸ்டார். நடுவுல பிடிக்கலன்னா மாத்தித் தர மாட்டாங்க, அதனால யோசிச்சுதான் எடுத்தேன்.

மொதல்ல டெலிவரி எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடுறேன். வெள்ளிக்கிழம, லீவு நாள். காலைலயே அம்மாவ கூட்டிட்டு உட்லண்ட்ஸ்ல எங்க புளோக் பக்கத்துல இருக்குற வாக்களிப்பு நிலையத்துக்கு போனேன், ஐசி (அடையாள அட்டை) ஸ்கேன் பண்ணி சீட்டு குடுத்தாங்க, சீட்டுல மூணு பேர் ஃபோட்டோ, பேரு, சின்னம். ஊர்ல மாதிரி விரல்ல மை எல்லாம் கிடையாது. உள்ள ஒரு எக்ஸ் முத்திரை வெச்சிருந்தாங்க, இங்க் அதுக்குள்ளயே இருக்கும், சும்மா அழுத்துனா போதும். அம்மா பழக்கதோஷத்துல அத பேனா மாதிரி பிடிச்சு கோடு போடப் பாத்தாங்களாம், அப்புறம்தான் அழுத்தணும்னு புரிஞ்சுச்சாம். வீடு வர்ற வரைக்கும் "செல்லுமாடா, செல்லுமாடா"ன்னு ஒரே கேள்வி.

இப்ப ஏன் இந்த மாடல்னு கேட்டா, அம்மாவுக்கு ஒரே காரணம், "நம்ம புள்ள". அவங்களுக்கு அதுக்கு மேல பேச்சு கிடையாது. எனக்கு அது காரணம் இல்லன்னு சொன்னா பொய், ஆனா அது மட்டும் இல்ல. தமிழர் அதிபரா வர்றது ஒண்ணும் புதுசு இல்லயே, எஸ்.ஆர். நாதன் 1999ல இருந்து 2011 வரைக்கும் இருந்துருக்காரு. ஆனா அவர் ரெண்டு தடவயும் போட்டி இல்லாமயே வந்துட்டாரு. ஓட்டுப் போட்டு, அதுவும் முக்கால்வாசி சீனவங்க இருக்குற நாட்டுல, ஜெயிக்கிறது வேற கணக்கு. நம்ம ஆளுங்க ஓட்டு மட்டும் விழுந்தா டெபாசிட் வாங்கவே முக்கணும்.

என் காரணம் 500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சிரிக்காதீங்க. 2015 பட்ஜெட்டுல 25 வயசு ஆன சிங்கப்பூரர் எல்லாருக்கும் படிக்கிறதுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டுன்னு 500 வெள்ளி அறிவிச்சது நிதியமைச்சரா இருந்த தர்மன்தான், 2016 ஜனவரில கைக்கு வந்துச்சு. நான் அப்ப கிடங்குல பெட்டி அடுக்கிட்டு இருந்தேன், ஐடிஇ (தொழிற்கல்வி) படிப்போட நிப்பாட்டுனவன், இனிமே எவன் என்னைய படிக்க கூப்புடப் போறான்னு இருந்தப்ப அந்த காசு வந்துச்சு. மொதல்ல போன சென்டர் (பேரு வேணாம்) சுத்த வேஸ்ட், ஸ்லைடு ஓட்டிட்டு மூணு மணிக்கே அனுப்பிட்டாங்க, எனக்கு வயித்தெரிச்சல். மிச்சம் இருந்தத வெச்சு, கைக்காசும் போட்டு ஏர்கான் சர்வீஸ் கோர்ஸ் போனேன். இன்னிக்கு சோறு போடுறது அதுதான். பாதி படிச்சவனையும் ஒரு ஆளா மதிச்சு ஒருத்தர் திட்டம் போட்டுருக்காருங்குறது எனக்கு மறக்கல. அவர் ஜூரோங் எம்பி, நான் உட்லண்ட்ஸ், அதனால அவருக்கு ஓட்டுப் போட எனக்கு கெடச்ச மொத சான்ஸே இதுதான்.

எங்க மாமா ஒத்துக்கல. கோப்பிக் கடைல உக்காந்து "மாப்ள, ஜூலை மாசம் வரைக்கும் ஆளுங்கட்சி மசெகவுல (மக்கள் செயல் கட்சி) இருந்த ஆளு, செப்டம்பர்ல எப்படிப்பா திடீர்னு நடுநிலை ஆயிடுவாரு"ன்னு கேட்டாரு. நல்ல கேள்விதான், இப்பவும் எங்கிட்ட முழு பதில் இல்ல. அதிபர் கையில இருக்குறதே முக்கியமா ரெண்டாவது சாவி, முன்னாடி இருந்த அரசாங்கங்க சேத்து வெச்ச கையிருப்புல இப்ப இருக்குற அரசாங்கம் கை வைக்கணும்னா இவர் சரின்னு சொல்லணும். 2009ல மொத தடவ அந்த பெட்டிய திறந்தப்ப சாவி நாதன் கையில, கேட்ட பக்கம் நிதியமைச்சரா நின்னது இதே தர்மன். கேட்டுப் பழகுன ஆளுக்குத்தான் எந்த கணக்கு இடிக்கும்னு தெரியும்னு நான் சொன்னேன், "அதத்தாண்டா நானும் சொல்றேன்"னு மாமா கோப்பிய குடிச்சிட்டு எந்திரிச்சுட்டாரு.

இன்னொரு இக்கட்டும் இருந்துச்சு. 2011 அதிபர் தேர்தல்ல நான் போட்டது டான் செங் போக்குக்கு, 7,382 ஓட்டுல தோத்துட்டாரு, ரொம்ப நாள் மனசு ஆறல. 2017ல மலாய்க்காரங்களுக்கு ஒதுக்குன தேர்தல், ஹலிமா யாக்கோப் மட்டும்தான் தகுதி பெற்றாங்க, ஓட்டே இல்ல. 2023ல பாத்தா அதே டான் செங் போக் வந்து, தர்மன எதிர்த்து நின்ன டான் கின் லியானுக்கு ஆதரவுன்னு நிக்கிறாரு. ரெண்டு நாள் குழம்புனேன். கடைசில அவர் மேல மரியாதை அப்படியே இருக்கட்டும், முத்திரை அன்னாசி மேல இருக்கட்டும்னு முடிவு பண்ணேன்.

ராத்திரி பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி கதவத் தட்டி ஒரு அன்னாசி குடுத்தாங்க. ஹொக்கியன்ல அதுக்கு பேரு ஓங் லாய், செழிப்பு வருதுங்குற மாதிரி சத்தம், புது வீட்டுக்கு வந்தப்ப அவங்க ஹால்ல உருட்டி விட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. நள்ளிரவு தாண்டி ரிசல்ட், 70.4 சதவீதம். அம்மா அழுதுட்டாங்க.

அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, நிதி, கல்வின்னு எல்லாத்தையும் ஓட்டுன ஆளு, 2016ல அடுத்த பிரதமரா யாரு வரணும்னு எடுத்த ஒரு கருத்துக்கணிப்புல 69 சதவீதம் பேர் இவருக்கு சரின்னு சொன்னாங்க, அவரே எனக்கு அந்த வேல வேணாம்னுட்டாரு. இப்ப பாத்தா காட்டுல மரம் இழுக்க வேண்டிய யானைய கோயில் வாசல்ல கட்டி ஆசீர்வாதம் வாங்குற மாதிரி இருக்கு. குறை யானை மேல இல்ல. அம்மாவுக்கு இந்த ஸ்டார் கணக்கு எல்லாம் தெரியாது, டிவில அவர் முகம் வந்தா ரிமோட்ட தேடி சவுண்ட கூட்டுவாங்க, அவர் இங்கிலீஷ்ல பேசுறது பாதி புரியாது, இருந்தாலும் முடியுற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது.