ஜூடோவா, கராத்தேவா? ராயபுரத்தில் ஒரு குடும்பக் கேள்வி

அக்கா மகளுக்கு 11 வயது. ஏதாவது தற்காப்புக் கலை கற்றுக்கொள்ளட்டும் என்று அக்கா சொன்னதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. ராயபுரம் பெரியவர்களுக்குக் குத்துச்சண்டைதான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பேசி வளர்ந்தவர்கள் அவர்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனாலும் தலையில் அடி வாங்கிப் பழகுவதை இந்த வயதில் தொடங்க வேண்டாம் என்று நினைத்தேன். மிஞ்சியவை கராத்தேவும் ஜூடோவும்.

இரண்டும் உறவுக்காரர்கள்தான். ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோ வந்தபோது, கராத்தேயைத் தன் கோடோகன் பயிற்சிப் பள்ளியில் செய்துகாட்ட அழைத்தவர் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. கராத்தேக்காரர்கள் கட்டும் கறுப்பு பெல்ட்டும் ஜூடோ வழி வந்ததுதான்.

கராத்தேயில் முதலில் அடிப்படை அசைவுகள், அப்புறம் கட்டா என்ற அசைவு வரிசை, பிறகு குமிதே என்ற இருவர் மோதும் பயிற்சி. கட்டாவில் எதிராளி கற்பனையில் மட்டும் இருக்கிறார். வரிசை மாறாமல் செய்யச் செய்ய உடம்பும் கவனமும் ஒழுங்குக்கு வரும். முதலில் கை ஓங்காதே என்பது ஃபுனாகோஷியின் கொள்கை. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குத்தையும் உதையையும் கூடப் பழகும் பிள்ளையின் மேல் முழு பலத்தோடு இறக்க முடியாது. கியோகுஷின் மாதிரி முழு அடி விழும் பிரிவுகளை விட்டுவிட்டால், பெரும்பாலும் அடியை அடக்கித்தான் பழக வேண்டும். சிறுவயதில் நான் நாலு வருடம் கராத்தே போனேன். பெல்ட் தேர்வுக்குத் தவறாமல் பணம் கட்டினோம். ஆனால் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் பழகியதில்லை. அந்தக் குறை இன்னும் மனதில் இருக்கிறது.

கானோ இந்த இடத்தில்தான் யோசித்தார். சிறிய உடம்புக்காரர், பள்ளியில் முரடர்களிடம் பட்ட பாட்டால் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனவர். 1882இல் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் சொந்தப் பயிற்சியைத் தொடங்கினார். குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளை ரண்டோரி என்ற சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். அப்படி விலக்கியதால்தான் மிச்சமிருந்த பிடிகளையும் வீச்சுகளையும் முழு வேகத்தில் பழக முடிந்தது. எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்க மாட்டார், நாமும் மாட்டோம். அவர் தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல், அந்த வேகத்தோடே இழுத்து நிலைகுலைய வைத்துத் தூக்கிப் போட வேண்டும். ஆற்றலை வீணாக்காதே என்ற கானோவின் முதல் கொள்கை இப்படி உடம்பிலேயே ஏறுகிறது. இருவரும் சேர்ந்து வளர வேண்டும் என்பது இரண்டாவது. கழுத்துப் பிடியில் இருப்பவர் கையால் தட்டினால் அந்த நொடியே விட்டாக வேண்டும். காயப்படுத்திவிட்டால் நாளைக்குப் பழக ஆள் கிடையாது.

அதற்கும் முன்னால் விழக் கற்க வேண்டும். மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைத் தணிப்பது. மாடிப்படியிலும் ஈரத் தரையிலும் உதவுகிற வித்தை.

ஆக, என் ஓட்டு ஜூடோவுக்கு. ஆனால் அதற்கு நல்ல கனமான பாய் வேண்டும். கராத்தேயை மொட்டை மாடியிலும் பழகலாம். அதனால் சேர்ப்பதற்கு முன் அக்காவை ஒரு மாலை போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சிமெண்ட் தரையில் மெல்லிய விரிப்பைப் போட்டு வீசப் பழக்கினால், யோசிக்காமல் கராத்தேயில் சேர்த்துவிடச் சொன்னேன்.