ரயில் டிடெக்டர் கேட்க யூனிடன் பிசி125ஏடி: ஆன்டெனாவை மட்டும் மாற்றுங்கள்

அமெரிக்க சரக்கு ரயில் பாதைகளின் ஓரமாக நின்று, ஓடும் ரயிலில் சக்கர பேரிங் சூடு போன்ற கோளாறு உண்டா என்று பார்த்து ரேடியோவில் சொல்லும் டிடெக்டர்கள் பெரும்பாலும் ஒரு ரயிலுக்கு ஒரு தடவைதான் வாய் திறக்கும். கடைசிப் பெட்டி தாண்டியதும், பதிவு செய்த குரலில், குறைந்த சக்தியில், சில விநாடிகள் பேசிவிட்டு அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்கேனர் (பல சேனல்களை மாறிமாறித் தேடிக் கேட்கும் ரேடியோ) வேறு சேனலில் நின்றால் போச்சு. ஆகவே இந்த வேலைக்கு ஒரு ஸ்கேனரை எடைபோட ஒரே கேள்விதான்: அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாமல் பிடிக்குமா?

யூனிடன் நிறுவனத்தின் கையடக்க ஸ்கேனரான பிசி125ஏடி பிடிக்கும். 500 சேனல்கள், 50 வீதம் 10 பேங்க் (சேனல் தொகுப்பு). அனலாக் மட்டும். டிஜிட்டல் இல்லை என்பதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். டிடெக்டர் பேச்சுக்கு அது குறையே இல்லை. அது இன்னும் சாதாரண நேரோபேண்ட் எஃப்எம்மில்தான் வருகிறது. உங்கள் பகுதி ரயில்வே என்எக்ஸ்டிஎன் என்ற டிஜிட்டல் முறைக்கு மாறியிருந்தால் மட்டும் ஓட்டுநர் பேச்சு கரகர இரைச்சலாகக் கேட்கும். அங்கே இந்தக் கருவி உதவாது.

ரயில்வே பேண்ட் 160.215 முதல் 161.565 மெகாஹெர்ட்ஸ் வரை, 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 7 முதல் 97 வரை எண்ணிட்ட சேனல்கள். எண்ணை 0.015ஆல் பெருக்கி 160.110ஐக் கூட்டினால் அலைவரிசை வந்துவிடும். அத்தனையையும் போட்டுச் சுற்றவிடுவது பலர் செய்யும் தப்பு. டிடெக்டர் பேசுவது அநேகமாக அந்தப் பாதையின் ரோடு சேனலிலேயே (ஓடும் ரயில்கள் பேசும் சேனல்). அதையும், பக்கத்துப் பாதை ஒன்றிரண்டையும் தனி பேங்கில் வைத்து, மீதியை லாக் அவுட் செய்து ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் யார்டின் சேனலைச் சேர்க்கவே வேண்டாம். ஷன்டிங் பேச்சு ஓயாது, அதில் போய் ஸ்கேனர் உட்கார்ந்துகொள்ளும். மாடுலேஷனை என்எஃப்எம் (நேரோபேண்ட் எஃப்எம்) என்று வைக்கவும். எஃப்எம்மில் விட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருக்கும். பேச்சு நின்றபின் அதே சேனலில் காத்திருக்கும் நேரமான டிலே 2 விநாடி போதும்.

பெட்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாதான் பலவீனம். எல்லா பேண்டுக்கும் பொதுவாகச் செய்தது, எதற்கும் சரியாகப் பொருந்தாது. பிஎன்சி முனையுள்ள (திருகிப் பூட்டும் இணைப்பு) டெலஸ்கோப்பிக் ஆன்டெனா ஒன்றை மாட்டி 44 முதல் 46 செ.மீ. வரை இழுத்தால் 160 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் கிடைக்கும். வித்தியாசத்தைச் சோதிக்க டிடெக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்: 162.400 முதல் 162.550 வரை நோவா வானிலை ஒலிபரப்பு நாள் முழுக்க ஓடுகிறது. தூரத்து வானிலை நிலையம் ஒன்று பழைய ஆன்டெனாவில் இரைச்சலாகவும் புதியதில் தெளிவாகவும் கேட்டால் வேலை முடிந்தது. நகரத்துக்குள் மட்டும் கவனம். 152 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேஜிங் கோபுரம் இருந்தால், நல்ல ஆன்டெனா அந்த இரைச்சலையும் சேர்த்து உள்ளே கொண்டுவரும். அங்கே ஆன்டெனாவைக் குறுக்கிப் பாருங்கள். ஸ்க்வெல்ச்சை (பலவீனமான ஒலியை வெட்டும் திருகை) ஏற்றி இரைச்சலை அடக்கினால் டிடெக்டரும் கூடவே அடங்கிவிடும். இரைச்சல் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு மயிரிழைதான் திருப்ப வேண்டும்.

பேட்டரி அறைக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. இரண்டு ஏஏ போடும்போது அல்கலைனா, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா என்று அதில் சரியாக வைத்துவிட்டுத்தான் யுஎஸ்பி கேபிளைச் செருக வேண்டும். அல்கலைனைச் சார்ஜ் செய்தால் கசிந்து கருவியையே கெடுக்கும்.

இனி, கேட்பதைப் படிப்பது. "மைல்போஸ்ட் ஒன் ஒன் எய்ட் பாயின்ட் ஃபோர், ட்ராக் ஒன், நோ டிஃபெக்ட்ஸ், டோட்டல் ஆக்சில்ஸ் ஃபோர் ஒன் எய்ட், ஸ்பீட் ஃபோர் ஃபைவ், டிடெக்டர் அவுட்." ஆறு அச்சு எஞ்சின் மூன்று என்றால் 18 போக 400 மிச்சம், நான்கால் வகுத்தால் நூறு பெட்டி. கன்டெய்னர் ரயிலில் இந்தக் கணக்கு பொய்க்கும், ஐந்து பெட்டி கோர்த்த வெல் கார் (கன்டெய்னர் ஏற்றும் தாழ்வான வண்டி) ஒன்றுக்கு 12 அச்சுதான். டிடெக்டர் உங்களிடமிருந்து ஆறு மைல் என்று வையுங்கள். மணிக்கு 45 மைல் என்றால் எட்டு நிமிடம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தாண்டியது வால். தலை ஏறக்குறைய 1.2 மைல் முன்னால் போய்விட்டது. ஆறரை நிமிடத்தில் எஞ்சின் எதிரே நிற்கும். திசை தெரிய அடுத்த டிடெக்டரும் பேச வேண்டும். கோளாறு இருந்தால் மட்டும் பேசும் டிடெக்டர்களும் உண்டு. அத்தகைய பாதையில் எந்த ஸ்கேனர் வாங்கினாலும் அமைதிதான்.

"நோ டிஃபெக்ட்ஸ்" என்றால் பேரிங் நலம் என்று பொருளல்ல, எச்சரிக்கை அளவைத் தொடவில்லை என்றுதான் பொருள். 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோவில் ஈஸ்ட் பாலஸ்டைனில் தடம் புரண்ட ரயிலின் பேரிங், முதல் டிடெக்டரில் சுற்றுப்புறத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல், அடுத்ததில் 103. இரண்டிலுமே ரயிலை நிறுத்தச் சொல்லும் அளவு வரவில்லை. ஏறக்குறைய 20 மைல் தள்ளியிருந்த மூன்றாவதில் 253.

அதே கருவி 457.9375ஐயும் கேட்கும். ரயிலின் வால் பகுதியிலுள்ள கருவி எஞ்சினுக்கு அனுப்பும் டேட்டா அது. குட்டிக் குட்டிக் கீச்சொலியாக வரும். டிடெக்டர் தவறிப்போனாலும் ரயில் பக்கத்தில் இருப்பது தெரிந்துவிடும். இந்தச் சேனலைத் தனி பேங்கில் வைப்பது நல்லது, ரயில் அருகில் நிற்கும்போது அது ஸ்கேனை அடிக்கடி நிறுத்தும்.

காரில் வைத்துக் கேட்பவர்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கென்டக்கி, மினசோட்டா போன்ற இடங்களில் போலீஸ் அலைவரிசை எடுக்கும் ஸ்கேனரை வண்டியில் வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு உண்டு. இந்தக் கருவி அந்த அலைவரிசைகளையும் எடுக்கும்.