"எல்லா சேனலும் வரும் சார்" என்று சொல்லி டிவி கார்டு விற்றால் நம்பாதீர்கள்

கம்ப்யூட்டரில் டிவி கார்டு மாட்டி, டிஷ் வழியாக வரும் சேனல்களைப் பார்க்கவும் பதிவு செய்யவும் நினைப்பவர்கள் பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு கடையில் 9,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணத்தைக்கூட விட்டுவிடலாம். அம்மாவுக்காகப் பதிவு செய்ய நினைத்த ஒரு காலை நேரம் கையைவிட்டுப் போய்விட்டது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மா வருடா வருடம் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போய் வந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு தூர்தர்ஷன் நேரலைதான் கதி. அந்த வருடம் ஆராதனை நாளன்று காலையிலேயே அவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. "நீ புடிச்சு வச்சிரு, வந்து கேட்டுக்கிறேன்" என்றார். யூடியூபில் பிறகு துண்டு துண்டாகக் கிடைக்கும்தான். ஆனால் அவருக்கு, பாட்டுக்கு முன் வரும் நாதஸ்வரத்திலிருந்து கடைசிவரை முழுதாக வேண்டும். வீட்டில் ஃப்ரீ டிஷ் ஏற்கெனவே இருந்தது. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் சேவை அது. ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அந்தக் கேபிளைக் கம்ப்யூட்டருக்கு இழுத்தால் போதும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். நான் கேட்டது ஃப்ரீ டிஷ் மட்டும்தான். அவரோ, "அது எதுக்கு சார், சன், விஜய், ஸ்போர்ட்ஸ் எல்லாமே வரும், இது எஸ்2 ஹெச்டி கார்டு" என்று அட்டைப் பெட்டியைக் காட்டினார். பெட்டியிலும் கார்டின் தகர மூடியிலும் 'டிவிபி-எஸ்2 ஹெச்டி' என்று பளபளவென்று ஸ்டிக்கர். டிவிபி-எஸ்2 என்பது செயற்கைக்கோள் வழியாகச் சேனல்களை அனுப்பும் புது முறை. விலை 5,800. பதிவு செய்யும் மென்பொருளுக்கு 1,000. பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் 'எஸ்டிமேட்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

வீட்டில் மாட்டி சேனல் தேடினால் பாதிக்குப் பாதிதான் வந்தது. போன் செய்தேன். "டிஷ் திரும்பியிருக்கும் சார், ஆள் அனுப்புறேன்" என்றார். வந்தவர் மொட்டை மாடியில் அரை மணி நேரம் டிஷ்ஷை ஆட்டிப் பார்த்துவிட்டு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வந்த சேனல்கள் வந்தன, வராதவை வரவே இல்லை.

எதிர் வீட்டு அண்ணன்தான் வழி சொன்னார். அவர் வீட்டு ஃப்ரீ டிஷ் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கேபிளிலேயே மாட்டினார். எல்லாச் சேனலும் வந்தன! அப்படியானால் டிஷ்ஷிலோ கேபிளிலோ கோளாறு இல்லை, கார்டில்தான். உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்தால் ஆளைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. பெட்டி மட்டும் எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) பெட்டியாக இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2 சேனல்கள் பழைய டிவிபி-எஸ் முறையில் வருகின்றன. எம்பெக்-4 சேனல்கள் டிவிபி-எஸ்2 முறையில் வருகின்றன. எஸ்2 கார்டு இரண்டையும் பிடிக்கும். பழைய எஸ் கார்டுக்கு எஸ்2 அலை சுத்தமாகப் புரியாது. சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை, மென்பொருளை மாற்றினாலும் வராது. அக்கா மகன் ஒரு பென்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் கொண்டுவந்து கம்ப்யூட்டரை அதில் துவக்கிக் கார்டின் விவரத்தைப் பார்த்தான். 'எஸ்டிவி0299 டிவிபி-எஸ்' என்று சிப்பின் பெயர் வந்தது. எஸ்2 வருவதற்கு முந்தைய காலத்துச் சிப் அது. தகர மூடியில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினோம். அடியில் வேறொரு பழைய ஸ்டிக்கர், அதில் எஸ்2 என்ற எழுத்தே இல்லை. பழைய கார்டுக்குப் புதுச் சட்டை மாட்டி விற்றிருக்கிறார்கள். ஸ்டிக்கரையும் பெட்டியையும் நம்பாதீர்கள். கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லிச் சிப்பின் பெயரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு மறுக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

அப்புறம் அந்தக் கட்டணச் சேனல் விஷயம். அதற்கு 'லைன்' என்று கடைக்காரர் வருடத்துக்கு 2,400 வாங்கியிருந்தார். "இதெல்லாம் பர்மிஷன் வாங்கினதுதான் சார்" என்றார், நம்பிவிட்டேன். 11 நாள் ஓடியது, பிறகு திரை கறுப்பு. விசாரித்த பிறகுதான் அது என்னவென்று புரிந்தது. கட்டணச் சேனலின் பூட்டுக்கு ஒரு சாவி உண்டு, அது சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். சந்தா கட்டியவரின் செட்டாப் பெட்டியில் இருக்கும் சந்தா கார்டுதான் (டிவி கார்டு அல்ல) ஒவ்வொரு முறையும் புதுச் சாவியைத் தரும். எங்கோ ஒருவர் வைத்திருக்கும் அந்த ஒரே கார்டின் சாவியை இணையம் வழியாக ஊருக்கெல்லாம் விற்பதுதான் இந்த 'லைன்'. நிறுவனம் அந்தக் கார்டை நிறுத்தினால் எல்லாருக்கும் நின்றுவிடும். இது திருட்டு, அனுமதி கினுமதி எதுவும் கிடையாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி இப்படிப் பூட்டை மீறுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த லைனுக்கான மென்பொருளை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னார்கள். நானும் அணைத்தேன். பிறகு கம்ப்யூட்டரை முழுதாக அழித்து மறுபடி விண்டோஸ் ஏற்றி, வங்கிக் கணக்குக் கடவுச்சொற்களையெல்லாம் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

ஆராதனை நாளுக்கு வருகிறேன். இந்தச் சண்டையெல்லாம் நடந்தாலும் எங்களுக்கு வேண்டிய தூர்தர்ஷன் சேனல் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது. பதிவு செய்ய என்று கடைக்காரரே 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொடுத்து, "இதுலதான் ஏறும், செட் பண்ணிட்டேன், தொடாதீங்க" என்று சொல்லியிருந்தார். நேரலை எப்போது தொடங்குமோ என்ற பயத்தில் காலை 5.30 முதல் மதியம்வரை டைமர் வைத்துவிட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாலை வந்து பார்த்தால் பதிவு 8.36-க்கு நின்றிருந்தது. பாட்டு தொடங்கவே இல்லை.

பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. எங்கள் சேனல் மணிக்குச் சுமார் 1.3 ஜிபி எடுத்தது. மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. பென்டிரைவில் இன்னும் 28 ஜிபி காலியாகக் கிடந்தது! தெரிந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்ற இரண்டு நிமிடம் போதும். கண்ணில் கட்டோடு உட்கார்ந்து "போடுப்பா" என்று கேட்ட அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

மறுநாள் கார்டோடு கடைக்குப் போனேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டையைக் காட்டினார். அந்த அட்டைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு காலம் சொல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். எனக்கு அந்த 30 நாள் தாண்டியிருந்தது, டிஷ் மேல் பழி போட்டே நாளைக் கடத்திவிட்டார்கள். ஆனாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, பெட்டியின் படம், இரண்டு ஸ்டிக்கர்களின் படம் இருந்தன. ஆறு வாரம் கழித்துக் கார்டுக்கான 5,800 மட்டும் திரும்ப வந்தது. லைன் பணத்தை நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

அந்தப் பணத்தில் சிப்பைப் பார்த்துச் சரியான எஸ்2 கார்டு வாங்கினேன். பதிவுக்கு லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருளான டிவிஹெட்எண்ட் போதுமானதாக இருக்கிறது. போன தையில் முழு நேரலையும் பதிவானது. அம்மா சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அதைத்தான் போடச் சொல்கிறார்.