பாசியா, சம்பா?

சம்பா என்றதும் நெல்லுக்குப் போய்விட வேண்டாம். நம் ஊர் வாய்க்காலோரம் நிற்குமே, அந்தச் சம்பு. ஜெர்மனியின் நீடர்சாக்சன் மாநிலத்தில், பீட் (சதுப்பில் செடிகள் அரைகுறையாக மட்கிப் படிந்த மண்) வெட்டி முடித்த நிலத்தில் மறுபடி தண்ணீர் கட்டினால் சம்பை நடலாம், இல்லையென்றால் ஸ்பேக்னம் என்னும் சதுப்புப் பாசி போடலாம். நான் வேலை பார்க்கும் இடத்தில் பாசி போட்டோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

தண்ணீர் கட்டுவது ஏன் என்பது தெரிந்த கதை. காய்ந்த பீட் மட்கிக் கரியமில வாயுவாகிவிடும். ஜெர்மனி வெளிவிடும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 7% நீர் வடித்த பீட் நிலங்களிலிருந்துதான்.

விளைச்சலில் சம்பை அடிக்க முடியாது. பாசி ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 3 முதல் 6 டன் உலர் எடை தந்தால், சம்பு 10 டன்னைத் தாண்டும். இலைக்குள் காற்றறைகள் இருப்பதால் சுவருக்கு வெப்பக்காப்புப் பலகை செய்யலாம். ஆனால் அது பெருந்தீனிக்காரப் பயிர். இங்கே மிஞ்சியிருக்கும் பீட்டோ மழைநீரிலேயே உருவானது. புளிப்பு அதிகம், சத்து இல்லை. சத்துள்ள வாய்க்கால் நீர் வராவிட்டால் சம்பு நோஞ்சானாகத்தான் நிற்கும். பாசிக்கு அந்த ஏழ்மைதான் பிடிக்கும். இதே மாநிலத்து ராம்ஸ்லோவில் 2004-இல் இப்படி வெட்டிய நிலத்திலேயே பாசி வளர்த்துப் பார்த்தார்கள், வந்தது.

சரி, பாசியில் கஷ்டம் எங்கே? நீர்மட்டத்தில். அதற்கு வேர் கிடையாது. தண்ணீர் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே நிற்க வேண்டும். ஏறினால் நடவுக்குத் தூவிய பாசித் துண்டுகள் மிதந்து ஓரம் ஒதுங்கும். இறங்கினால் வெளுத்து அப்பளமாக நொறுங்கும். கோடையில் விடிந்ததும் அளவுக்குழாயைப் பார்த்த பிறகுதான் காபி. எங்கள் பாத்தியில் ஒரு மூலை நான்கு விரற்கடை தாழ்வு. அங்கே இன்னும் பாசி பிடிக்கவில்லை. அப்புறம் களையாக முளைக்கும் கோரை. பாத்திக்குள் வண்டி இறங்கினால் பாசி நசுங்கும். கரையில் நின்று நீள்கை இயந்திரத்தால்தான் வெட்ட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. பணம் கரைவது இதில்தான்.

இருந்தும் பாசி எடுத்தது வாங்க ஆள் இருப்பதால். நேற்றுவரை பீட் வாங்கிய தொட்டிமண் கம்பெனிகளுக்கே இதுவும் போகும். போட்டிக்கு, வேடிக்கை பாருங்கள், பொள்ளாச்சித் தேங்காய்நார்த்தூள்! சம்பை நான் ஒரு சோதனைப் பாத்தியில் ஒரே ஒரு பனிக்காலம் பார்த்ததோடு சரி, அதன் அறுவடைச் செலவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

பாசியை அறுக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதிலும் ஒரு பங்கு விற்பனைக்குப் போகாது, அடுத்த பாத்திக்கு விதையாகப் போய்விடும்.