60 கேள்வி பிளேஸ்மென்ட் டெஸ்ட்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

"அந்த 60 கேள்வித் தாளைத்தான் இன்னும் வச்சிருக்கீங்களா? நாங்களும் அதையே வாங்கலாமா?" பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு தொடங்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார். புதிதாகச் சேருபவரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க நாங்கள் கொடுக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் தாள் அது. வாயால் சொன்ன பதிலில் பாதி புலம்பலாகப் போய்விட்டது. எழுத்திலாவது கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

தாளின் அமைப்பு இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் பழக்கமானதுதான். இலக்கணம் 25, சொல்வளம் 20, வாசிப்பு 15, எல்லாமே நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்வது, 45 நிமிடம். 18 மதிப்பெண் எடுத்தால் ஏ2 (ஏ1 தொடங்கி சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் நிலைகளில் இரண்டாவது), 30 எடுத்தால் பி1, 40 எடுத்தால் பி2, 48க்கு மேல் சி1. திருத்துவதற்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. சேர்க்கை நாளில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இலக்கணப் பகுதியை எழுதியவருக்குக் கற்பவர்களைத் தெரிந்திருக்கிறது. "ஷி ___ ஹியர் சின்ஸ் 2015" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விடைகளாக ஒர்க்ஸ், இஸ் ஒர்க்கிங், ஹாஸ் ஒர்க்ட், ஒர்க்ட் என நான்கும் இருக்கின்றன. தவறான மூன்றும் சும்மா இடத்தை நிரப்ப வைத்தவை அல்ல. "இஸ் ஒர்க்கிங்" என்பது வகுப்பில் நிஜமாகவே வாயில் வரும் தவறு. அதனால்தான் கேள்வி ஆளைப் பிரிக்கிறது. முப்பது பேர் எழுதிய தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே பத்து, கீழே பத்து எடுத்துப் பாருங்கள். (பெரிய கூட்டத்துக்கு மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் என்பது ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1939இல் சொன்ன கணக்கு. சிறிய வகுப்புக்குப் பத்துப் பத்தே போதும்.) மேலே எட்டுப் பேரும் கீழே இரண்டு பேரும் சரியாகப் போட்டிருந்தால், வித்தியாசம் ஆறு, பத்தால் வகுத்தால் 0.6. அருமையான கேள்வி. 0.2க்குக் கீழே வந்தால் அந்தக் கேள்வி வேலை செய்யவில்லை. எதிர்மறையாக வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும்.

குறை இல்லாமலும் இல்லை. "வென் ஐ அரைவ்ட், தே ___" என்று கேட்டுவிட்டு "வேர் ஈட்டிங்", "ஹேட் ஈட்டன்" இரண்டையும் விடைகளில் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே சரி. ஒற்றை வாக்கியத்தில் காலத்தைக் கேட்டால் இந்த வம்பு வரத்தான் செய்யும். சூழலைச் சொல்லும் இன்னொரு வாக்கியம் முன்னால் இருந்தால் தீர்ந்தது. இதில் அடிபடுபவர் நன்றாகத் தெரிந்தவர்தான். யோசித்து யோசித்து நேரத்தைத் தொலைப்பவர் அவரே. இப்படி மூன்று கேள்விகளை எடுத்துவிட்டு வேறு போட்டுக்கொண்டோம். மற்றபடி இலக்கணப் பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வாசிப்புப் பகுதியோடு.

மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் சுமார் 250 சொற்கள், பத்திக்கு ஐந்து கேள்வி. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: பத்திகளை மறைத்துவிட்டு, பதினைந்து கேள்விகளை மட்டும் அச்செடுத்து, ஆங்கிலம் நன்கு தெரிந்த, தாளை முன்பு பார்க்காத இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் பதினைந்தில் நான்கு வரும். எங்கள் தாளில் எட்டும் ஒன்பதும் வருகிறது. பத்தியைக் கண்ணால்கூடப் பார்க்காமல்! அப்படியானால் பாதிக்கு நெருக்கமான கேள்விகள் வாசிப்பைச் சோதிக்கவே இல்லை. பொது அறிவையும், தேர்வு எழுதிப் பழகிய சாமர்த்தியத்தையும் சோதிக்கிறது.

எப்படி நடக்கிறது என்றால், ஒரு கேள்வி, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஏன் ஹெல்மெட் போட வேண்டும் என்று கேட்கிறது. தலையைக் காக்க, அழகாகத் தெரிய, வேகமாகப் போக, நண்பர்களைக் கவர என்பவை விடைகள். இதற்குப் பத்தி எதற்கு? இன்னொரு பத்தியில் முதல் கேள்வி, அந்தப் பெண் எதில் பயணம் செய்தாள் என்பது. மூன்றாவது கேள்வி, "ரயில் தாமதமானதால் அவள் ஏன் வருந்தினாள்?" என்று தொடங்குகிறது. முதல் கேள்விக்கான பதிலைக் கேள்வித்தாளே தட்டில் வைத்துக் கொடுக்கிறது. மூன்றாவது வகை, விடைகளில் தவறான மூன்றும் நான்கு சொல்லிலும் சரியான ஒன்று மட்டும் பன்னிரண்டு சொல்லிலும் இருப்பது. சரியானதைத் துல்லியமாகச் சொல்லப்போய் எழுதியவர் நீட்டிவிடுகிறார். தேர்வு எழுதியே வளர்ந்தவர்கள் நீளமானதைக் குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பத்தி தேவைப்படும் கேள்விகளிலும் பாதி, சொல்லைத் தேடிப் பொருத்தும் விளையாட்டு. கேள்வியில் "இன்கிரீஸ்டு ஷார்ப்லி", பத்தியிலும் அதே "இன்கிரீஸ்டு ஷார்ப்லி". அந்த வரியைக் கண்டுபிடித்தால் பக்கத்திலேயே விடை. வரியின் பொருள் புரிய வேண்டிய அவசியமே இல்லை. கேள்வியில் "வென்ட் அப் அ லாட்" என்று மாற்றிப் போட்டாலே போதும். படித்தவர் யார், தேடியவர் யார் என்று தெரிந்துவிடும்.

இதனால் யாருக்கு நஷ்டம்? படிப்பை விட்டுப் பல வருடம் ஆன பெரியவர்களுக்கு. வேலையில் மின்னஞ்சலும் விதிமுறைத் தாளும் ஆங்கிலத்தில் படித்துப் பொருள் புரிந்துகொள்பவர், தேர்வுத் தந்திரம் தெரியாததால் பதினைந்தில் ஏழு எடுக்கிறார். நேற்றுவரை தேர்வாக எழுதித் தள்ளிய இளைஞர் பதினொன்று எடுக்கிறார். இருவரிடமும் ஒரு பக்கத்தைக் கொடுத்து, படித்ததைத் தாய்மொழியில் சொல்லச் சொன்னால் வரிசை தலைகீழாக மாறுகிறது.

நேரமும் அவர்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. நிதானமாகப் படிப்பவர் முதல் 45 கேள்விக்குத் தலா 45 வினாடி எடுத்தாலே 34 நிமிடம் போய்விடும். மீதி 11 நிமிடம். நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் 750 சொற்களை ஒருமுறை படிக்க ஏழரை நிமிடம். பதினைந்து கேள்விக்கு மிஞ்சுவது மூன்றரை நிமிடம்! வாசிப்புப் பகுதி காலியாகக் கிடப்பதைப் பார்த்து "இவருக்கு வாசிப்பு வராது" என்று எழுதிவிடுகிறோம். நேரம் வரவில்லை என்பதுதான் உண்மை. இதற்குத் தீர்வு எளிது: பகுதிகளைத் தனித்தனித் தாளாகப் பிரித்து, இலக்கணத்துக்கு 14, சொல்வளத்துக்கு 9, வாசிப்புக்கு 22 நிமிடம் கொடுத்தோம். மொத்தம் அதே 45தான்.

காலியாக விடுவதைப் பற்றி இன்னொன்று. ஒருவருக்கு 20 கேள்விக்கு உறுதியாக விடை தெரியும் என்று வையுங்கள். மீதி 40ஐயும் நேர்மையாகக் காலியாக விட்டால் 20, அதாவது ஏ2. அதே அளவு தெரிந்த இன்னொருவர் 40ஐயும் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாகப் பத்துச் சரியாக விழும். 30, அதாவது பி1. ஒரே அறிவு, இரண்டு வகுப்பு! ஒன்றுமே தெரியாதவர் எல்லாவற்றையும் குறித்தால் சராசரி 15, ஆனால் ஐந்தில் ஒருவருக்காவது 18ஐத் தொட்டுவிடும். சரியானதிலிருந்து தவறானதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கும் பழைய முறை உண்டு. கூச்ச சுபாவம் உள்ளவரை அது இன்னும் பயமுறுத்தும் என்பதால் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. "ஒன்றையும் காலியாக விடாதீர்கள், தெரியாததற்கும் ஒன்றைக் குறியுங்கள்" என்று தொடங்கும் முன் எல்லாருக்கும் உரக்கச் சொல்வது, முடியும் முன் ஒரு நிமிடம் இருக்கும்போது மறுபடி சொல்வது, இவ்வளவுதான். தாளோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சொல்வளப் பகுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் ரகம். இருபது சொல்லை வைத்து ஒருவரின் சொல்வளத்தை அளப்பது எப்போதும் இழுபறிதான். அதன் பக்கத்தில் நாங்கள் சேர்த்துக்கொண்ட ஒரு சின்ன விஷயம்தான் எதிர்பாராத சந்தோஷம்: ஆம்-இல்லை சொல் சோதனை. திரையில் ஒரு சொல் வரும், இது ஆங்கிலச் சொல்லா என்று மட்டும் சொல்ல வேண்டும். நடுநடுவே, ஆங்கிலம்போலத் தோன்றும், ஆனால் இல்லாத சொற்களும் கலந்திருக்கும். லெம்ஹூஃபர், புரூர்ஸ்மா என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட லெக்ஸ்டேல் இந்த வகைதான். 40 நிஜச் சொல், 20 போலிச் சொல், ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மதிப்பெண் போடும் விதத்தில்தான் அதன் அழகு. நிஜச் சொற்களில் "ஆம்" சொன்ன சதவீதத்தையும், போலிச் சொற்களில் "இல்லை" சொன்ன சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். எல்லாம் தெரியும் என்று ஆம் ஆம் என்று தட்டுபவர் நிஜத்தில் 36 பிடிப்பார், 90 சதவீதம். போலியில் எட்டில் ஏமாந்து 12ஐத்தான் ஒதுக்குவார், 60 சதவீதம். சராசரி 75. தெரிந்ததை மட்டும் ஒப்புக்கொள்பவர் நிஜத்தில் 28தான் பிடித்திருப்பார், 70 சதவீதம். போலியில் 19ஐ ஒதுக்கிவிடுவார், 95 சதவீதம். சராசரி 82.5. அடக்கத்துக்கு மதிப்பெண் கிடைக்கும் தேர்வை வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் இது நடுத்தர நிலைக்கு மேலே உள்ளவர்களுக்காகச் செய்தது. தொடக்க நிலையில் இருப்பவரிடம் கொடுத்தால் எல்லாமே போலியாகத் தெரியும், எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

வாசிப்புப் பகுதியின் இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால், சி-டெஸ்ட், அதாவது பின்பாதி வெட்டிய சொற்களை நிரப்பும் சோதனை. ஜெர்மனியில் ராட்ஸ், கிளைன்-பிரேலி இருவரும் 1981இல் கொண்டுவந்தது. டெய்லர் 1953இல் அறிமுகப்படுத்திய குளோஸ் முறையில் முழுச் சொல்லையும் எடுத்துவிடுவதால் ஓர் இடத்துக்கு மூன்று நான்கு சொல் பொருந்தும், திருத்துவதில் தகராறு. சி-டெஸ்டில் முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை மட்டும் வெட்ட வேண்டும். எழுத்து எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் பெரிய பாதியை வெட்டுங்கள். ஓரெழுத்துச் சொல்லையும் பெயர்ச்சொற்களில் ஆள், ஊர்ப் பெயர்களையும் தொடாதீர்கள். பத்திக்கு 20 இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மீதியை முழுதாக விடுங்கள். இப்படி ஐந்து சிறு பத்திகள், எளியது முதலில். மொத்தம் 100 இடம், 25 நிமிடம். பெரும்பாலான இடங்களில் பொருந்துவது ஒரே சொல்தான், குருட்டாம்போக்கில் நிரப்ப வழியில்லை. கொடுக்கும் முன் ஆங்கிலத்தில் தேர்ந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அவரே 90க்குக் கீழே வந்தால் பத்தியில்தான் கோளாறு. முதல் பார்வைக்குக் கிழிந்த காகிதம் மாதிரி இருப்பதால் பெரியவர்கள் மிரளுவார்கள். ஐந்து இடம் கொண்ட ஒரு மாதிரியைப் பலகையில் சேர்ந்து போட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பத்தியை அப்படியே வைத்துக் கேள்வியை மட்டும் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: பத்தியில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் சௌகரியமாகப் புரியும் என்பது ஹூவும் நேஷனும் 2000இல் செய்த ஆய்விலிருந்து வந்த அளவு. 250 சொல் பத்தியில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் தாளின் மூன்றாவது பத்தியில், பி1 வகுப்பில் இருப்பவர்களை அடிக்கோடிடச் சொன்னால் சாதாரணமாகப் பதினைந்தைத் தாண்டும். அதில் தோற்பவர் வாசிப்பில் தோற்கவில்லை, சொல்வளத்தில் தோற்கிறார். அதைத்தான் முந்தைய பகுதி ஏற்கெனவே அளந்துவிட்டதே.

இவ்வளவு திட்டிய பிறகு, நண்பருக்கு என் பதில்: வாங்குங்கள். நாங்களும் அடுத்த சேர்க்கைக்கு இதையேதான் எடுக்கிறோம். 60 கேள்வித் தாளில் மூன்று நான்கு மதிப்பெண் ஏறி இறங்குவது எதிலும் உள்ளதுதான். அதனால் 27 முதல் 33க்குள் வருபவரை எண்ணை மட்டும் நம்பி ஏ2 என்றோ பி1 என்றோ முத்திரை குத்தாமல், ஐந்து வரி எழுதச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசிப் பார்த்து உட்கார வைக்கிறோம். மற்றவர்களைப் பொறுத்தவரை அந்த 25 இலக்கணக் கேள்விகளே ஆளை ஏறக்குறைய சரியான வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. அதற்கே காசு சரியாகிவிடுகிறது.

பணம் கட்டும் முன் மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி, பத்தியை மறைக்கும் சோதனையை மட்டும் செய்துவிடுங்கள். பதினைந்தில் ஏழுக்கு மேல் வந்தால் வாசிப்புப் பகுதியின் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்காமல், மீதி 45க்கு உங்கள் வகுப்புகளை வைத்துப் புது எல்லைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியீட்டாளர் கொடுத்த 18, 30, 40 பட்டியல் 60க்குப் போட்டது. அதை அப்படியே 45க்கு வைத்தால் பலரும் ஒரு வகுப்பு கீழே போய் உட்காருவார்கள்.