டிரவுட்டும் திலாப்பியாவும்: ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய இரண்டு வழிகள்

அட்டன் பக்கம் ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளைகளிடம் ஆண்-பெண்ணை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால், ‘எக்ஸ்-ஒய்’ என்று பட்டென்று பதில் வரும். மனிதருக்குச் சரி: பெண்ணிடம் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்), ஆணிடம் ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். கோழிக்கு இசட்-டபிள்யூ: சேவலிடம் இரண்டு இசட், பேட்டிடம் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். அங்கே குஞ்சு சேவலா பேடா என்பது தாய் தருவதைப் பொறுத்தது. இந்த இரண்டில் எது மேல் என்று ஒப்பிடுவதுதான் வழக்கம். மீன்களில் அந்த ஒப்பீட்டால் பெரிய பயனில்லை, ஏனென்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களிலேயே ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் இருக்கும். பழைய முறையையே பிடித்துக்கொண்டிருப்பதா, அடிக்கடி மாற்றிக்கொள்வதா என்று பார்ப்பதுதான் சுவாரசியம். இரண்டுக்கும் உதாரணம் நம் மலைநாட்டுத் தண்ணீரிலேயே இருக்கிறது.

முதலில், பிடித்துக்கொண்டிருக்கும் கட்சி. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் உள்ள வானவில் டிரவுட் ஆங்கிலேயர் காலத்தில் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவரப்பட்டது. எக்ஸ்-ஒய் முறைதான். அதில் ஆணாக்கும் பரம்பரையலகு (ஜீன்) 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது, பெயர் எஸ்டிஒய். வேடிக்கை என்னவென்றால், நோயெதிர்ப்புக்கான ஒரு பரம்பரையலகின் பிரதி உருமாறித்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறது. சால்மன் குடும்பத்தில் பெரும்பாலான இனங்களில் இதே எஸ்டிஒய்தான் ஆட்சி செய்கிறது. ஆனால் இருக்கும் இடம் மட்டும் ஒன்றில்லை. அட்லாண்டிக் சால்மன் என்ற ஒரே இனத்துக்குள்ளேயே 2, 3, 6 என்று வெவ்வேறு நிறமூர்த்தங்களில் அதைக் கண்டிருக்கிறார்கள். பெரிய துரை அதே ஆள், பங்களா மட்டும் மாறுகிறது.

திலாப்பியா நேர் எதிர். மொசாம்பிக் திலாப்பியா 1952இலும் நைல் திலாப்பியா 1975இலும் இலங்கைக்கு வந்தன. இரண்டும் எக்ஸ்-ஒய். அவற்றின் நெருங்கிய உறவான நீலத் திலாப்பியாவோ இசட்-டபிள்யூ. நைல் திலாப்பியாவுக்குள்ளேயே ஒரு வம்சத்தில் முதலாவது நிறமூர்த்தமும், இன்னொரு வம்சத்தில் 23ஆவதும் அந்த வேலையைச் செய்கின்றன. 1960இல் மலாயாவில் ஹிக்லிங் என்பவர் மொசாம்பிக் பெண்ணோடு சான்சிபார் என்ற இன்னொரு வகைத் திலாப்பியா ஆணைச் சேர்த்தபோது குஞ்சுகள் அத்தனையும் ஆணாகப் பிறந்தன. தாய் எக்ஸ்-எக்ஸ், தந்தை இசட்-இசட் என்று வைத்தால் கணக்குப் புரிந்துவிடும்: பெண்ணாக்கும் டபிள்யூவைக் கொடுக்க அங்கே யாருமில்லை.

ஜப்பானிய மெடாக்கா என்ற சிறு மீனும் அதன் உறவினங்களும் இப்படித்தான், பல இனங்களில் இந்த வேலையைச் செய்வது வெவ்வேறு பரம்பரையலகு.

நம்மால் ஏன் இப்படி மாற முடியவில்லை? நம் ஒய், எக்ஸோடு துண்டு பரிமாறுவதைப் பெரும்பாலும் நிறுத்தி நெடுங்காலமாகிவிட்டது. பழுதுகள் சேர்ந்து, பரம்பரையலகுகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. இரண்டு ஒய் மட்டும் கொண்ட மனிதக் கரு பிழைக்காது. பல மீன்களில் எக்ஸும் ஒய்யும் நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஒன்றுபோல் இருக்கும். அதனால் ஒய்-ஒய் ஆண் மீன் நன்றாகவே நீந்தித் திரியும். புதிய பரம்பரையலகு ஒன்று பதவிக்கு வந்தால் பழையதைக் கைவிடுவதில் பெரிய நட்டமில்லை. கானில் விடுகிற கப்பி மீனும் எக்ஸ்-ஒய்தான். அதன் ஆணின் நிறப்புள்ளிகளில் பல ஒய் வழியே தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகின்றன. ஆணுக்கு நல்லது, பெண்ணுக்கு ஆபத்து என்ற இத்தகைய பண்புகள் எந்த நிறமூர்த்தத்தில் இருக்கின்றனவோ, அது பால் தீர்மானிக்கும் பதவிக்கு வர வாய்ப்பு அதிகம் என்று ஒரு கோட்பாடு உண்டு. எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

சரி, வளர்ப்பவருக்கு எது வசதி? என் கட்சி டிரவுட். அதில் பெண் மீன்தான் வேண்டும். ஆண் சீக்கிரம் பருவமடைந்து வளர்ச்சி குன்றிவிடும். எக்ஸ்-எக்ஸ் பெண் குஞ்சுகளுக்கு ஓமோன் கொடுத்து ஆணாக்கி, அவற்றின் விந்தைச் சாதாரண முட்டைகளோடு கலந்தால் பிறப்பவை பெண்களே. ஒரே பரம்பரையலகு உறுதியாக ஆள்வதால் கணக்குப் பிசகுவது குறைவு. திலாப்பியாவில் ஆண்தான் வேண்டும். பெண் முட்டைகளை வாயில் அடைகாத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும். அப்புறம் குளம் முழுக்கப் பொடிக்குஞ்சு. ஒய்-ஒய் தந்தையை வைத்தால் எல்லாமே ஆணாக வேண்டும், ஆனால் சில பெண்கள் எப்படியோ வந்துவிடுகின்றன. மற்ற பரம்பரையலகுகளும் குறுக்கிடுகின்றன. வெப்பமும் விடுவதில்லை, 36 பாகை செல்சியஸ் அளவு சுடுநீரில் நைல் திலாப்பியாக் குஞ்சுகளை வளர்த்தால் ஆண்கள் கூடுகின்றன.

ஆகவே ‘எல்லாம் ஆண்’ என்று சொல்லி விற்ற குஞ்சுகளாக இருந்தாலும், உள்ளங்கை அளவு வளர்ந்ததும் ஒன்றிரண்டைப் புரட்டி வயிற்றின் பின்பக்கம் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று.